எஸ்ஏசிடி, சிடி ஒலித்தரத்தை வீட்டிலேயே நேர்மையாக ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி என்ற உயர்தர ஒலித்தட்டு) பிளேயர் ஒன்றை முதன்முதலில் வாங்கி வந்த இரவு, ஹைப்ரிட் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு ரிமோட்டில் இருந்த ஒரு பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தேன். ஹைப்ரிட் தட்டில் ஒரே இசை இரண்டு அடுக்குகளில் இருக்கும்: ஒன்று சாதாரண சிடி, இன்னொன்று எஸ்ஏசிடி. பொத்தானை அழுத்தினால் பிளேயர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும். எஸ்ஏசிடி பக்கம் போனதும் வயலின் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. சிடிக்குத் திரும்பினால் நடுவே திரை விழுந்தது போல் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் கேட்கச் சொல்லாததுதான் குறை.

மறுவாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் மடிக்கணினியையும் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் இணைத்து இரண்டு அடுக்கையும் பதிவுசெய்து அளந்தார். எஸ்ஏசிடி அடுக்கு 1.3 டெசிபல் உரக்க ஒலித்தது. அதைச் சமப்படுத்திவிட்டு, என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, இப்போது ஒலிப்பது எது என்று பத்து முறை கேட்டார். ஐந்து முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அன்றைக்கு நான் செய்தவை ஒன்றல்ல, ஐந்தாறு தவறுகள். அவை ஒவ்வொன்றையும் தவிர்த்து, இந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரு மாலைப்பொழுதும், இலவச மென்பொருள் இரண்டும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

தட்டுகளில் என்ன இருக்கிறது

சிடியின் இலக்கணத்தை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980-இல் வகுத்தன. 1982 அக்டோபரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைப்பது அதன் முறை. 44,100 என்ற விசித்திரமான எண் வானத்திலிருந்து விழவில்லை. அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைப் பெரும்பாலும் வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 புலங்கள் (அதாவது வீடியோவின் அரைப் படங்கள்), புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள் (அதாவது ஒலியின் அளவுகள்), பெருக்கிப் பாருங்கள். 50 புலங்கள் கொண்ட ஐரோப்பிய முறையில் 294 வரிகள். அதைப் பெருக்கினாலும் அதே எண்ணில்தான் வந்து நிற்கும்.

எஸ்ஏசிடி அதே இரண்டு நிறுவனங்களின் பிள்ளை. 1999-இல் வந்தது. இது ஒலியை 16 பிட் எண்களாக எழுதுவதில்லை. ஒரே ஒரு பிட்டை நொடிக்கு 28,22,400 முறை எழுதுகிறது, அதாவது சிடியின் வேகத்தைப் போல் 64 மடங்கு. சிடியை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் படிக்கிறது. எஸ்ஏசிடி அடுக்கைப் படிக்க 650 நானோமீட்டர் வேண்டும். சாதாரண சிடி பிளேயர் ஹைப்ரிட் தட்டில் சிடி அடுக்கை மட்டும் காண்பது அதனால்தான். இதற்குப் போட்டியாக 2000-ஆம் ஆண்டில் வந்தது டிவிடி-ஆடியோ. இரண்டு சேனலில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், 5.1 சேனலில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அது கொள்ளும்.

இந்த எண்களுக்கு என்ன பொருள் என்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள்: சிடியின் அலை படிக்கட்டு போலவும், உயர்தரத் தட்டின் அலை வழவழவென்றும் இருக்கும். அந்தப் படம் தவறு. சிடியிலிருந்து வெளியே வரும் மின் அலையும் வழவழப்பானதுதான். மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது, தீர்மானிப்பது ஒன்றைத்தான்: எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை பதிய முடியும் என்பதை. வீதத்தில் பாதி, அதாவது சிடிக்கு 22.05 கிலோஹெர்ட்ஸ். இளங்காது கேட்பது 20 வரை. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு 15-க்கு மேல் எதுவும் கேட்பதில்லை; என் காது அதையும் எட்டுவதில்லை.

பிட் எண்ணிக்கை தீர்மானிப்பது இரைச்சல் தளத்தை. 16 பிட்டில் மிக உரத்த ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி உண்டு. 24 பிட்டில் ஏட்டளவில் 144. மின்விசிறி ஓடும் நம் வரவேற்பறையின் இரைச்சல் எளிதில் 40 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் 96 டெசிபலை அடுக்கினால் காது வலிக்கும் எல்லையைத் தாண்டிப்போய்விடும். எந்த இசையும் அவ்வளவு இடத்தைக் கேட்பதில்லை.

இதனால் உயர்தரத் தட்டு வீண் என்று நான் சொல்லவரவில்லை. பொறுங்கள்.

முதல் படி: எதை ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

"எஸ்ஏசிடி நன்றாக இருக்கிறதா, சிடி நன்றாக இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு கேள்விகள்.

ஒன்று, கடையில் கிடைக்கும் இந்த எஸ்ஏசிடி, கடையில் கிடைக்கும் அந்த சிடியைவிட நன்றாக ஒலிக்கிறதா? இது தட்டைப் பற்றிய கேள்வி. அந்தத் தட்டுக்காக யார் மாஸ்டரிங் செய்தார் (மாஸ்டர் எனப்படும் இறுதிப் பதிப்பைத் தயாரித்தார்), எந்த நாடாவிலிருந்து எடுத்தார், எவ்வளவு அழுத்தினார் (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கினார்) என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இரண்டு, அதே மாஸ்டரை 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஆக மாற்றினால் காதுக்கு ஏதாவது குறைகிறதா? இது வடிவத்தைப் பற்றிய கேள்வி.

முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்து இரண்டாம் கேள்விக்குப் போட்டுக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி. ஹைப்ரிட் தட்டில் இரண்டு அடுக்கும் ஒரே மாஸ்டராகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 2003-இல் ஹைப்ரிட் எஸ்ஏசிடியாக வந்தபோது, அதன் சிடி அடுக்கு எஸ்ஏசிடி அடுக்கைவிட அதிகம் அழுத்தப்பட்டு உரக்க இருந்தது அளவீட்டில் தெரியவந்தது. இரண்டையும் கேட்டு "ஆஹா, எஸ்ஏசிடியின் மகிமை" என்று சொன்னவர்கள் கேட்டது வேறொன்றை.

இந்த வழிகாட்டியில் இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. மூன்றாம், நான்காம் படிகள் தட்டுக்கு. ஐந்தாம் படி வடிவத்துக்கு.

இரண்டாம் படி: பிளேயர் உண்மையில் எதை இயக்குகிறது?

சிரிக்காதீர்கள், மாதக்கணக்கில் சிடி அடுக்கைக் கேட்டுக்கொண்டு எஸ்ஏசிடியைப் புகழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். பிளேயரின் முகப்பில் எஸ்ஏசிடி என்ற குறி தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பல பிளேயர்களில் எந்த அடுக்குக்கு முன்னுரிமை என்று அமைப்புப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எஸ்ஏசிடியிலேயே இரண்டு சேனல் பகுதியும் பல சேனல் பகுதியும் தனித்தனியாக இருக்கலாம். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருப்பவர் பல சேனல் பகுதியை இயக்கினால், ஐந்து சேனலைக் குறுக்கி இரண்டாக்கிய கலவையைத்தான் கேட்பார். அது வேறு கலவை, ஒப்பிடப் பயன்படாது.

டிவிடி-ஆடியோவில் இன்னொரு பொறி உண்டு. பெரும்பாலான டிவிடி-ஆடியோ தட்டுகளில் சாதாரண டிவிடி பிளேயருக்காக டால்பி டிஜிட்டல் பகுதி ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். அது சுருக்கப்பட்ட ஒலி. உங்கள் பிளேயருக்கு டிவிடி-ஆடியோ தெரியாவிட்டால் அது சத்தமில்லாமல் டால்பி பகுதியை இயக்கிவிடும்.

கம்பிகளையும் கவனியுங்கள். பதிப்புரிமைப் பாதுகாப்பு காரணமாக, ஆப்டிகல் வழியே எஸ்ஏசிடியின் ஒலி முழுத் தரத்தில் வெளியே வராது. பல பிளேயர்களில் வரவே வராது. ஹெச்டிஎம்ஐ வழியே வரும். ஆனால் அதை வாங்கும் ரிசீவர், அறைத் திருத்தமோ பேஸ் மேலாண்மையோ செய்வதற்காக, அந்த ஒரு பிட் ஓடையைப் பெரும்பாலும் பல பிட் எண்களாக மாற்றிவிடும். அப்போது நீங்கள் கேட்பது எஸ்ஏசிடியாகப் பிறந்து வேறொன்றாக வளர்ந்த ஒலி. சோதனைக்கு எளிய வழி, பிளேயரின் அனலாக் வெளியீட்டை நேரே பயன்படுத்துவதுதான். சமனாக்கி, சரவுண்ட் விளைவு, இரவு நேர முறை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் தலையாயது. இதைச் செய்யாத ஒப்பீட்டை யார் சொன்னாலும், எவ்வளவு விலையுள்ள கருவியில் கேட்டதாகச் சொன்னாலும், நான் பொருட்படுத்துவதில்லை.

ஒரே இசை அரை டெசிபலோ ஒரு டெசிபலோ கூடுதலாக ஒலித்தால் நம் காது அதை "உரக்க இருக்கிறது" என்று உணர்வதில்லை. "தெளிவாக இருக்கிறது", "விரிவாக இருக்கிறது", "உயிரோடு இருக்கிறது" என்று உணர்கிறது. கடைகளில் விற்கவேண்டிய ஸ்பீக்கரைச் சற்றே உரக்க வைப்பது பழைய தந்திரம். எஸ்ஏசிடிக்கும் சிடிக்கும் நடுவே இந்த வேறுபாடு இயல்பாகவே வந்துவிடுகிறது. எஸ்ஏசிடியில் பூஜ்யம் டெசிபல் என்று குறிக்கப்படும் அளவு, அந்த முறையின் உச்ச வரம்பைவிட 6 டெசிபல் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. சில பிளேயர்கள் அதை ஈடுகட்டி உயர்த்துகின்றன; சில உயர்த்துவதில்லை. போதாததற்கு ஒவ்வொரு தட்டின் மாஸ்டரிங்கும் வேறு. ஆக, எந்தப் பக்கம் உரக்க இருக்கும் என்று அளக்காமல் சொல்லவே முடியாது.

இலக்கு, 0.1 டெசிபலுக்குள் சமன். மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 1.2 சதவீதம். ஆம்ப்ளிஃபையரின் ஒலிக் குமிழ் பெரும்பாலும் அரை டெசிபல் படிகளில்தான் நகரும் என்பதால், குமிழைத் திருகி இதை எட்டுவது கடினம். கைபேசியில் இருக்கும் ஒலி அளக்கும் செயலியையும் நம்பாதீர்கள். தலையை ஓர் அங்குலம் நகர்த்தினாலே அதன் எண் மாறும்.

நான் செய்யும் முறை இது. பிளேயரின் அனலாக் வெளியீட்டை, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யக்கூடிய ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் இணையுங்கள். மடிக்கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எஸ்ஏசிடி அடுக்கிலிருந்து ஒரு பாடலில் இரண்டு நிமிடம் பதிவுசெய்யுங்கள். உச்சங்கள் பூஜ்ய டெசிபல் என்ற உச்ச வரம்பைத் தொடாதபடி உள்ளீட்டு அளவைக் குறைத்து வையுங்கள். அதன்பிறகு அந்தக் குமிழைத் தொடவே கூடாது. பிறகு சிடி அடுக்கிலிருந்து அதே இரண்டு நிமிடம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அலையைப் பெரிதாக்கி, தொடக்கத்தை ஒரே புள்ளிக்கு நகர்த்துங்கள். இரண்டிலும் ஒரே பகுதியைத் தேர்ந்தெடுத்து, பகுப்பாய்வுப் பட்டியலில் உள்ள கான்ட்ராஸ்ட் கருவியால் சராசரி அளவைப் பாருங்கள். உரக்க இருப்பதை அந்த வேறுபாட்டின் அளவுக்குக் குறைத்து, மீண்டும் அளந்து சரிபாருங்கள்.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும்: "பதிவுசெய்யும்போதே எஸ்ஏசிடியின் தரம் போய்விடுமே!" நியாயமான கவலைதான். ஆனால் இந்தப் படியில் நாம் தேடுவது தட்டுகளின் மாஸ்டரிங் வேறுபாட்டை. அதைப் பிடிக்க இந்தப் பதிவு தாராளமாகப் போதும். தவிரவும், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் எஸ்ஏசிடியின் மாயம் காணாமல் போகிறது என்றால், அதே தரத்தில் பாடல்களைத் தரவிறக்கம் செய்து விற்பவர்களிடம் அதைச் சொல்லவேண்டும்.

நான்காம் படி: அலையைக் கண்ணால் பாருங்கள்

இரண்டு பதிவும் இப்போது திரையில் இருக்கின்றன. கேட்பதற்கு முன் கொஞ்சம் பார்ப்போம்.

சராசரி அளவு சமமாக இருக்கும் இரண்டு அலைகளில், ஒன்றில் மிருதங்கத்தின் அடியோ டிரம் அடியோ உயரமான ஊசிகளாக எழுந்தும், மற்றதில் அதே அடிகள் தலை வெட்டப்பட்ட வேலியைப் போலத் தட்டையாகவும் இருந்தால், விடை கையில் கிடைத்துவிட்டது. வேலியாக இருப்பது அழுத்தப்பட்ட மாஸ்டர். வானொலியிலும் காரிலும் உரக்கக் கேட்கவேண்டும் என்பதற்காகத் தொண்ணூறுகளிலிருந்து சிடிகளை இப்படி அழுத்துவது வழக்கமாகிவிட்டது. 16 பிட்டின் 96 டெசிபல் இடத்தில் உச்சியிலுள்ள பத்து டெசிபலுக்குள்ளேயே முழுப் பாட்டையும் அடைத்துவைத்துவிட்டு, "சிடியில் உயிரில்லை" என்று சிடியின் மேல் பழிபோடுகிறார்கள். பெரிய வீட்டைக் கட்டிக்கொடுத்தால் திண்ணையில் குடித்தனம் நடத்துவது போலத்தான்.

அடுத்து, எஸ்ஏசிடி பதிவைத் தேர்ந்தெடுத்து நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடத்தை) வரையச் சொல்லுங்கள். 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வளைவு இறங்கிக்கொண்டே வந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்குவதைக் காணலாம். அது இசை அல்ல. ஒரு பிட் முறையில் பிறக்கும் இரைச்சலைக் கேட்கும் எல்லைக்கு வெளியே தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தக் குப்பைமேடுதான் அது. எஸ்ஏசிடியின் "மேலதிகத் தகவல்" என்று இதைக் காட்டிப் பெருமைப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

சில தட்டுகளில் இசையே 22 அல்லது 24 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். அந்த எஸ்ஏசிடியின் மூலப்பதிவு பழைய டிஜிட்டல் பதிவு என்று அர்த்தம். அமெரிக்காவின் டெலார்க் நிறுவனம் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து சவுண்ட்ஸ்ட்ரீம் கருவியில் 16 பிட், 50 கிலோஹெர்ட்ஸில் பதிந்த இசையைப் பிற்காலத்தில் எஸ்ஏசிடியாக வெளியிட்டது. அருமையான பதிவுகள். ஆனால் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அவற்றில் எதுவும் இருக்க வழியில்லை.

அனலாக் நாடாவிலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஏசிடிகள் இன்னொரு வகை. இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர், விஸ்வமோகன் பட், ரை கூடர் இருவரையும் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் உட்காரவைத்து அனலாக் நாடாவில் பதிந்த இசை 1993-இல் வெளியாகி கிராமி விருது பெற்றது. பிற்பாடு அது எஸ்ஏசிடியாகவும் வந்தது. அந்தப் பதிவின் அழகு மைக்ரோஃபோன் வைத்த இடத்திலும், அந்தக் கூடத்தின் எதிரொலியிலும் இருக்கிறது. நாடாவின் சொந்த இரைச்சலே சிடியின் இரைச்சல் தளத்தைவிட மேலே இருப்பதால், இப்படிப்பட்ட இசைக்கு 16 பிட் பாத்திரம் சிறியதே அல்ல.

ஐந்தாம் படி: வடிவத்தை மட்டும் தனியே சோதியுங்கள்

இப்போது இரண்டாம் கேள்வி. இங்கே தட்டுகளைத் தூர வைத்துவிடலாம். எஸ்ஏசிடி அடுக்கைக் கணினியின் டிவிடி டிரைவால் படிக்க முடியாது. ஆகவே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் முறைப்படி விற்கப்படும் ஒரு பாடல் கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் படியில் சொன்னது போல் நிறமாலையைப் பார்த்து, உண்மையாகவே 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் இசை இருப்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

அதை ஆடாசிட்டியில் திறந்து, முதலில் ஒரு டெசிபல் குறைத்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். இது 'அ'. ஒரு டெசிபல் குறைப்பதற்குக் காரணம், மாதிரி வீதத்தை மாற்றும்போது உச்சங்கள் சற்றே ஏறி வெட்டுப்படக்கூடும் என்பதுதான்.

பிறகு திட்டத்தின் மாதிரி வீதத்தை 44,100 ஆக்கி, 16 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். டிதர் என்ற அமைப்பு இயங்கவேண்டும். 24 பிட்டை 16 ஆக வெட்டும்போது ஏற்படும் சொரசொரப்பை ஒரே சீரான மெல்லிய இரைச்சலாக மாற்றுவது அதன் வேலை. இப்போது உங்கள் கையில் இருப்பது அசல் சிடித் தரம்.

கடைசியாக, அந்த 16 பிட் கோப்பைத் திறந்து மீண்டும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். இது 'ஆ'. இழந்தது திரும்ப வராது. பெரிய குடத்தில் ஊற்றினாலும் தண்ணீர் அதே அளவுதான். அப்படியிருக்க ஏன் ஏற்றவேண்டும்? இரண்டு கோப்பும் ஒரே வீதத்தில் இருந்தால்தான் டிஏசி (டிஜிட்டல் எண்களை அனலாக் ஒலியாக்கும் கருவி) மாற்றும்போது 'டிக்' என்று சத்தம் போட்டு எது எது என்று காட்டிக்கொடுக்காது.

கேட்பதற்கு முன், எனக்கு மிகவும் பிடித்த ஒரு விளையாட்டு. 'அ', 'ஆ' இரண்டையும் ஒரே திட்டத்தில் திறந்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்துவிடுங்கள். பொதுவாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது, சிடித் தரத்துக்கு மாற்றியபோது நீங்கள் இழந்த முழுச் சொத்து. அந்த மிச்சத்தில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டியால் நீக்கிவிட்டு, வழக்கமாக நீங்கள் கேட்கும் ஒலியளவில் இயக்குங்கள். நான் முதல்முறை செய்தபோது ஹெட்ஃபோன் கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன்.

ஆறாம் படி: பொய் வித்தியாசங்களைக் களையுங்கள்

'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் பளிச்சென்று கேட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள், கருவியைச் சந்தேகியுங்கள். காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்கள் சில ஆம்ப்ளிஃபையர்களிலும் ட்வீட்டர்களிலும் (ஸ்பீக்கரில் உயர் அதிர்வெண்களை ஒலிக்கும் பகுதி) ஒன்றோடொன்று மோதி, கேட்கும் எல்லைக்குள் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். அது தரம் அல்ல, கலப்படம்.

இதைக் கண்டுபிடிக்க, 96 கிலோஹெர்ட்ஸ் திட்டம் ஒன்றில் 30 கிலோஹெர்ட்ஸ், 33 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகளைக் குறைந்த அளவில் உருவாக்கிச் சேர்த்து இயக்குங்கள். எதுவும் கேட்கக்கூடாது. மெல்லிய விசில் கேட்டால், அது இரண்டுக்கும் இடையிலான 3 கிலோஹெர்ட்ஸ். உங்கள் கருவி அதைத் தானாகப் பாடுகிறது. ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலியளவை ஏற்றிவிடாதீர்கள். கேட்காத ஒலியும் ட்வீட்டரைச் சுட்டுவிடும்.

ஏழாம் படி: கண்ணை மூடிக் கேளுங்கள்

விண்டோஸில் ஃபூபார்2000 மென்பொருளும் அதன் ஏபிஎக்ஸ் இணைப்பும் இலவசம். 'அ', 'ஆ' இரண்டையும் கொடுத்தால் அது தாயக்கட்டை உருட்டுவது போல ஒன்றைத் தேர்ந்து 'எக்ஸ்' என்று பெயரிட்டுத் தரும். எக்ஸ் எது என்று நீங்கள் சொல்லவேண்டும். மென்பொருளே கணக்கு வைத்துக்கொள்ளும். உண்மைத் தட்டுகளை வைத்துச் சோதிக்க விரும்பினால், பொத்தானை அழுத்த ஒருவர் வேண்டும். அவர் முகமும் பிளேயரின் முகப்பும் உங்கள் கண்ணில் படக்கூடாது. மூன்றாம் படியில் சமப்படுத்திய பதிவுகளையும் இதே முறையில் சோதிக்கலாம்.

நீளமாகக் கேட்காதீர்கள். ஒலியின் நுண்மையைக் காது சில நொடிகளுக்கு மேல் நினைவில் வைத்திருப்பதில்லை. ஐந்து முதல் பத்து நொடிப் பகுதி ஒன்றைத் தேர்ந்து, அதையே சுழலவிட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். எதைத் தேர்வது? உயர் அதிர்வெண் நிறைந்த ஜால்ரா, நட்டுவாங்கத் தாளம், டிரம் சிம்பல். சுரங்கள் ஒன்றுமேல் ஒன்றாக மிதக்கும் தம்புரா. மிகமிக மெல்லத் தேய்ந்து மறையும் பியானோ ஒலியின் கடைசி நொடிகள். பிட் எண்ணிக்கையின் குறை எங்காவது தெரியுமென்றால் அங்கேதான் தெரியும். நாகஸ்வரம் போல இடைவிடாமல் உரக்க ஒலிக்கும் பகுதி இதற்கு உதவாது. அரங்கின் எதிரொலியும் மனிதக் குரலும் மாஸ்டரிங் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நல்லவை.

இரவு பத்து மணிக்குமேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனில் கேட்பது உத்தமம். காது களைத்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள்.

எட்டாம் படி: எண்ணுங்கள்

எத்தனை முறை செய்யப்போகிறோம் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துவிடவேண்டும். பதினாறு முறை என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லவேண்டும்; வெறும் ஊகத்தால் அது நடக்கும் வாய்ப்பு 3.8 சதவீதம்தான். பத்து முறைக்கு எட்டு என்பது பெரிய வெற்றி போலத் தோன்றும். ஊகத்தாலேயே அது 5.5 சதவீதம் நடக்கும். ஆகவே ஒன்பது வேண்டும். ஆறு சுற்று முடிந்ததும் "ஐந்து சரி, இதோடு போதும்" என்று நிறுத்துவது ஏமாற்று வேலை. இருபது பாடல்களில் சோதித்துவிட்டு வென்ற ஒன்றை மட்டும் வெளியே சொல்வதும் அதேதான்.

சரியாகச் சொல்லிவிட்டால் உடனே கொண்டாடாமல், வேறொரு நாள் அதே பகுதியில் மீண்டும் செய்யுங்கள். இரண்டு நாளும் வென்றால் உங்கள் காதை நான் வணங்குகிறேன்.

மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

சோதனையை முடித்த பிறகு இந்தப் பகுதியைப் படிப்பது நல்லது. எண்களும் காதைக் கெடுக்கும்.

மேயர், மொரான் என்ற இருவர் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2007-இல் ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ பிளேயரின் வெளியீட்டை ஒரு பக்கம் நேராகவும், மறுபக்கம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றியின் வழியாகவும் அனுப்பினார்கள். 554 முறை கேட்கப்பட்டதில் 276 முறை விடை சரி, அதாவது 49.8 சதவீதம். ஒலியளவை மிக அதிகமாக ஏற்றி, மெல்லிய பகுதியைக் கேட்டால் மட்டும் சிடி மாற்றியின் இரைச்சல் பிடிபட்டது. அவர்கள் பயன்படுத்திய சில தட்டுகளின் மூலமே உயர்தரம் இல்லை என்ற விமர்சனம் பிறகு எழுந்தது, அது நியாயமானதும்கூட. ஆனால் பலரும் கவனிக்காமல் விட்ட ஒன்றை அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள்: அந்த எஸ்ஏசிடிகளும் டிவிடி-ஆடியோக்களும் வழக்கமான சிடிகளைவிட நன்றாகவே ஒலித்தன. காரணம், அவற்றைத் தயாரித்தவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை.

2016-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரெய்ஸ், பதினெட்டுச் சோதனைகளின் 12,500-க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் திரட்டி ஆராய்ந்தார். ஒட்டுமொத்தமாக 52.3 சதவீதம் சரி. மிகச் சிறிய வேறுபாடு. ஆனால் வெறும் தற்செயல் அல்ல. முன்கூட்டியே பயிற்சி பெற்றுக் கேட்டவர்களிடம் அது ஏறக்குறைய 60 சதவீதம் வரை சென்றது. ஆகவே "யாருக்குமே கேட்காது" என்று மேசையைத் தட்டுவதும் சரியல்ல. பயிற்சி பெற்றவர்களே பத்தில் நான்கு முறை தவறவிடும் ஒரு வித்தியாசம், "திரை விலகியது போல" இருக்காது என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் எதை வாங்குவது?

என் அலமாரியில் எஸ்ஏசிடிகள் இன்னும் இருக்கின்றன, புதிதாகவும் வாங்குகிறேன். வாங்குமுன் நான் பார்ப்பது பிட்டையோ கிலோஹெர்ட்ஸையோ அல்ல, மாஸ்டரிங் செய்தவரின் பெயரையும் எந்த நாடாவிலிருந்து எடுத்தார் என்ற குறிப்பையும்தான். ஐந்து ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு எஸ்ஏசிடியிலும் டிவிடி-ஆடியோவிலும் உள்ள பல சேனல் கலவை சிடியில் கிடைக்கவே கிடைக்காத ஒன்று. அந்த வித்தியாசத்துக்குக் கண்கட்டுச் சோதனை தேவையில்லை.

எஸ்ஹெச்எம்-சிடி, யூஹெச்க்யூசிடி என்றெல்லாம் ஜப்பானிலிருந்து வருபவை பிளாஸ்டிக்கையோ பிரதிபலிப்புப் பூச்சையோ மாற்றிச் செய்த சாதாரண சிடிகளே. இவற்றில் ஒன்றையும் அதே ஆல்பத்தின் வழக்கமான சிடியையும் கணினியில் படித்து எண்ணுக்கு எண் ஒப்பிட்டால், மாஸ்டர் ஒன்றாக இருக்கும் பட்சத்தில் கோப்புகள் ஒன்றாகவே இருக்கும். எஸ்ஹெச்எம்-எஸ்ஏசிடி என்ற பெயரோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது எஸ்ஏசிடிதான்.

பழைய ராக் இசையோ ஜாஸோ வேண்டுமென்றால், எஸ்ஏசிடிக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன், எண்பதுகளில் அச்சான அதே ஆல்பத்தின் சிடி பழைய கடையில் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அழுத்தும் பழக்கம் பரவுவதற்கு முந்தைய காலம் அது. அப்படி ஒன்று அகப்பட்டால், வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள்.